மேட்டூர் நீர்மட்டம் தெரிகிறது, எங்கள் தெருக்குழாய் தெரியவில்லை

பெறுநர்: நகராட்சி ஆணையர் அவர்கள், நகர்மன்றத் தலைவர் அவர்கள், வார்டு உறுப்பினர்கள் அனைவரும்.

பொருள்: மன்றத்தில் எடுக்கும் முடிவுகளை எங்களுக்கும் சொல்லக் கோருதல் தொடர்பாக.

பார்வை: இல்லை. ஏதாவது கடிதம் வந்திருந்தால்தானே எண் போட முடியும்.

உங்கள் அலுவலகத்துக்கு நேர் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். கூடவே மனுவும் எழுதிக் கொடுக்கிறேன். பதினெட்டு வருடமாக உங்கள் மேசைக்கு வந்த மனுக்களில் எத்தனையோ என் எழுத்தில் வந்தவை. கீழே கையொப்பம் மட்டும் வேறு வேறு. இந்த ஒன்றை எனக்காக எழுதுகிறேன். ஊர்ப் பெயரை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். உங்களுக்கு எந்த ஊர் என்று தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் படித்துவிட்டு ‘இது எங்கள் ஊர்தானே’ என்று நினைத்தால் அதுவும் சரியாகத்தான் இருக்கும்.

பங்குனி இரண்டாம் வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்குக் குழாயைத் திறந்தால் புஸ்ஸென்று காற்று வந்தது. கொஞ்ச நேரத்தில் வரும் என்று காத்திருந்தோம். ஏழு மணிக்குக் காற்றும் நின்றது. கடைத்தெருவில் ஜேசிபி பள்ளம் தோண்டுவதாகப் பால்காரர் வந்து சொன்னார். எத்தனை நாள் வேலை என்று ஜேசிபி ஓட்டுநரிடம் போய்க் கேட்டேன். “இங்கே தோண்டச் சொன்னார்கள் சார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும்” என்றார். அந்த வாரம் முழுவதும் எங்கள் தெருவுக்குக் கிடைத்த அதிகாரபூர்வத் தகவல் அது ஒன்றுதான்.

மறுநாள் விடியற்காலையில் எதிர்வீட்டு மாமா காலமானார். அரிசி ஆலையில் மூட்டை தூக்கிப் பிழைத்தவர். கடைசி ஆறு மாதம் படுக்கையில் கிடந்தார். அந்த வீட்டில் அப்போது இருந்தது இரண்டு குடம் தண்ணீரும் எவர்சில்வர் அண்டாவில் கால்வாசியும். வந்து இறங்குகிற உறவுக்காரர்களுக்குக் குடிக்க, அவரைக் குளிப்பாட்ட, எடுத்தபின் வீடு கழுவ, எல்லாவற்றுக்கும் அதுதான். மேட்டூரை ஜனவரி 28-ஆம் தேதியோடு மூடுவது வழக்கம் என்பதால் பங்குனியில் ஆற்றில் மணல்தான் இருக்கும். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டு போர்வெல்லிலிருந்து பெண்கள் வரிசையாக நின்று குடம் குடமாகக் கைமாற்றினார்கள். உப்புத் தண்ணீர். மாமாவின் மகள் அவர் தோளில் சோப்புப் போட்டார்; நுரைக்கவில்லை. திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டே இருந்தார். போதும் என்று யாரும் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டு நின்றவர்களில் நானும் ஒருவன்.

தண்ணீர் நின்றதற்காக நான் சண்டைக்கு வரவில்லை. பழைய குழாய் உடையத்தான் செய்யும், மாற்றத்தான் வேண்டும். செவ்வாய் முதல் வெள்ளி வரை வராது என்று ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வந்து சொல்லியிருந்தால் அந்த வீட்டு அண்டா நிறைந்திருக்கும். என் புகார் முழுவதும் அந்த ஓர் அண்டா அளவுதான்.

அதை அப்படியே விட மனம் வராமல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ரோட்டைக் கடந்து வந்து, தபால் பிரிவில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன். முப்பது நாள் கெடு. இருபத்தொன்பதாம் நாள் பதில் வந்தது, பதிவுத் தபாலில். என் கடைக்கும் உங்கள் வாசலுக்கும் நடுவே இருப்பது ஒரு ரோடு. ‘நேரில் வந்து கோப்பைப் பார்வையிட்டுக்கொள்ளலாம்’ என்று இருந்தது. முதல் நாள் போனால் அந்தப் பிரிவு எழுத்தர் விடுப்பு. அடுத்த முறை கோப்பு பொறியியல் பிரிவில். மூன்றாம் முறை ஒருவழியாகத் தீர்மானப் புத்தகத்தைக் கண்ணில் காட்டினார்கள். பள்ளம் தோண்டுவதற்கு ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பே தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. அதன் கடைசி வரியை என் நோட்டில் எழுதிக்கொண்டேன்: ‘பணி நடைபெறும் நாட்களில் பொதுமக்களுக்கு உரிய முன்னறிவிப்பு வழங்கப்பட வேண்டும்.’

ஆக, எங்களிடம் சொல்ல வேண்டும் என்று நீங்களே முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த முடிவும் எங்களுக்கு வந்து சேரவில்லை.

டெல்டாக்காரனுக்குத் தகவல் என்பது சோறு மாதிரி. காலையில் பேப்பரைப் பிரித்ததும் நாங்கள் தேடுவது மேட்டூர் நீர்மட்டம். 120 அடியில் இன்று எத்தனை, வரத்து எத்தனை கனஅடி, வெளியேற்றம் எத்தனை என்பதை, எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட டீக்கடையில் கேட்டுச் சொல்வார். ஜூன் 12-இல் திறப்பார்களா மாட்டார்களா என்று வைகாசி முழுக்கப் பேச்சு. கல்லணையைத் திறந்தால் காவிரியில் இவ்வளவு, வெண்ணாற்றில் இவ்வளவு, கல்லணைக் கால்வாயில் இவ்வளவு, கொள்ளிடத்தில் இவ்வளவு என்று பிரித்து அறிவிக்கிறார்கள். முறை வைத்துத் தண்ணீர் விடுகிற வருடத்தில், தன் ஆற்றுக்கு எந்த நாளில் முறை என்பதைக் கடைமடை விவசாயி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். மின்வாரியமும் பராமரிப்பு வேலை என்றால் நாளை எந்தெந்தப் பகுதியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை மின்சாரம் இருக்காது என்று முந்தைய நாளே பத்திரிகைக்குக் கொடுத்துவிடுகிறது. நாங்களும் திட்டிக்கொண்டே மாவை அரைத்து வைத்துக்கொள்கிறோம். இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள மதகைப் பற்றி இவ்வளவும் தெரிந்த எங்களுக்கு, கூப்பிடு தூரத்தில் உள்ள உங்கள் மன்றத்தில் என்ன நடக்கிறது என்பது மட்டும் தெரிவதில்லை.

மன்றக் கூட்டம் நடந்த மறுநாள் பேப்பரில் செய்தி வராமல் இல்லை. யார் மைக்கைப் பிடுங்கினார், யார் வெளிநடப்புச் செய்தார் எல்லாம் விவரமாக இருக்கும். முடிவில் ஒரு வரி: ‘அதன்பின் தீர்மானங்கள் அனைத்தும் நிறைவேற்றப்பட்டன.’ எங்களுக்கு வேண்டியது அந்த ‘அனைத்தும்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது.

ஊரில் ஒருவருக்குமே தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. சந்தைக் கடைகளுக்கு ஏலம் வரப்போகிறது என்பதை நான் எப்படி அறிகிறேன் தெரியுமா? டெண்டர் படிவத்தை ஜெராக்ஸ் எடுக்க நாலு பேர் வருவார்கள். அவர்கள் வருகிற வேகத்தை வைத்து அறிகிறேன். அந்த நாலு பேரில், சந்தை வாசலில் சாக்கு விரித்துக் கீரை விற்கிற பெண் ஒருவரும் இருந்ததில்லை.

இதில் எனக்கும் பங்கு உண்டு, மறைக்க விரும்பவில்லை. மனு ஒன்றுக்கு ஐம்பது ரூபாய் வாங்குகிறேன். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயரைச் சேர்க்க ஓராண்டுக்குள் வந்தால் கட்டணம் இல்லை, அதற்குப் பிறகு பதினைந்து ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். இதைச் சொல்ல உங்கள் வாசலில் ஒரு தாள் இல்லாததால், பள்ளியில் கேட்ட பிறகு பதறிக்கொண்டு ஓடிவருகிற தாய்மார்கள் இரண்டு முறை உள்ளே அலைந்துவிட்டு மூன்றாம் முறை என் கடைக்கு வருகிறார்கள். அந்தத் தாளை நீங்கள் ஒட்டினால் என் வியாபாரத்தில் கொஞ்சம் அடிபடும். படட்டும். கல்யாணப் பத்திரிகை ஜெராக்ஸ் இருக்கிறது, பிழைத்துக்கொள்வேன்.

நீங்கள் வாயைத் திறக்காவிட்டால் வதந்தி திறக்கிறது. 2022-இல் சொத்து வரியை உயர்த்தியபோது குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 என்று அரசு அறிவித்தது. எங்கள் தெருவில் பரவியது என்னவோ ‘வரி டபுள்’ என்ற இரண்டே சொல். ஐந்நூறு சதுர அடி ஓட்டு வீட்டில் இருக்கும் ஒரு பெரியவர், வீட்டை விற்றுவிட்டு மகளோடு போய்விடலாமா என்று என்னிடம் வந்து கேட்டார். கணக்குப் போட்டுக் காட்டிய பிறகும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை; நான் நகராட்சி இல்லையே. அதே வரியை அரையாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் என்று ஒரு நல்ல ஏற்பாடும் இருக்கிறது. ஏப்ரல் 30, அக்டோபர் 31 என்ற அந்த இரண்டு தேதிகளையும் நான்தான் என் கடை ஷட்டரில் சாக்பீஸால் எழுதுகிறேன். பாக்கி என்றால் மட்டும் உங்களிடமிருந்து கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது, பெயரோடு, பைசா பிசகாமல். எங்கள் எண்கள் உங்களிடம் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சட்டத்தை உங்களுக்குச் சொல்லித்தரும் ஆள் நான் இல்லை. ஆனால் மனு எழுதி எழுதிச் சில பிரிவுகள் மனப்பாடமாகிவிட்டன. மத்திய அரசு 2005-இல் தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவருவதற்கு முன்பே, 1997-இல், தனக்கென்று ஒரு சட்டம் போட்டுக்கொண்ட மாநிலம் நம்முடையது. 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, யாரும் மனுப் போடாமலேயே அலுவலகம் தன் விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. மக்களைப் பாதிக்கும் முடிவை அறிவிக்கும்போது அது தொடர்பான எல்லா விவரங்களையும் சேர்த்து வெளியிடச் சொல்கிறது. பத்து ரூபாய் ஸ்டாம்ப் அதற்குப் பிறகு வருகிற வேலை. நாம் எல்லோரும் சேர்ந்து, நான் உட்பட, அந்தச் சட்டத்தை வெறும் ஸ்டாம்ப் சட்டமாக்கிவிட்டோம்.

வார்டு மக்கள் கூடிப் பேசுகிற பகுதி சபையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வார்டு குழு, பகுதி சபை விதிகள் 2022-இல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று எங்கள் வார்டிலும் சபை கூடியது. ஷாமியானா, நாற்காலி, சுண்டல் எல்லாம் இருந்தன. தெருவுக்குத் தெரிந்தது மாலையில், நாற்காலிகளை வண்டியில் ஏற்றும்போது. அதற்குப் பிறகு கூடியதா என்று எனக்குத் தெரியாது. கூடியிருக்கலாம், வருகைப் பதிவேட்டில் என் பெயர்கூட இருக்கலாம். எங்கள் வார்டு உறுப்பினர் ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். பிறந்தநாள் வாழ்த்தும் திறப்பு விழாப் படங்களும் தவறாமல் வரும். அடுத்த சபை எப்போது என்று ஒருநாள் காலையில் கேட்டேன். மாலையில் நான் அந்தக் குழுவில் இல்லை.

முன்பு தண்டோரா இருந்தது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலர் அதை நிறுத்தச் சொல்லி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதினார். வரவேற்க வேண்டிய முடிவு. ஒரு சாதியார் தலையில் கட்டிவைத்த வேலை அது. நான் சிறுவனாக இருந்தபோது பறையடித்து வந்தவரை ஊர் எப்படிக் கூப்பிட்டது, எங்கே நிற்க வைத்தது என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. ஆனால் தண்டோராவுக்குப் பதில் வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்றும் அவர் சொல்லியிருந்தார். இங்கே முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை. வண்டி இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். தினமும் காலை ஏழரைக்குக் குப்பை வண்டி ஒலிபெருக்கியோடுதான் வருகிறது. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று அது பாடுகிற பாட்டு எங்கள் தெருவில் பேச்சு வராத குழந்தைக்குக்கூட மனப்பாடம். அந்தப் பாட்டை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, நாளை தண்ணீர் வராது என்று சொன்னால் போதாதா?

உங்களால் முடியாது என்று நான் நினைக்காததற்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் அடித்தது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை, தெருவெல்லாம் மரம். அப்போது மன்றமும் இல்லை; 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது முதல் 2022 பிப்ரவரி தேர்தல் வரை தனி அலுவலர் நிர்வாகம். அந்த வாரத்தில் குடிநீர்ப் பிரிவு ஊழியர் ஒருவர் என் கடைக்கு வந்து, ஈரமாகாத காகிதக் கட்டு இருக்கிறதா என்று கேட்டார். கேலண்டர் அட்டைகளைக் கொடுத்தேன். பின்பக்கத்தில் மார்க்கரால் பெரிய எழுத்தில், எந்தத் தெருவுக்கு லாரி எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும் என்று எழுதி அலுவலக கேட்டில் கம்பியால் கட்டினார். தினமும் மாலையில் மாற்றினார். லாரி தாமதமானால் அடித்துவிட்டுப் புது நேரம் எழுதினார். ஒருநாள் ‘இன்று டீசல் இல்லை, லாரி வராது’ என்று எழுதினார். அந்த அட்டைக்கு முன்னால் யாரும் கத்தவில்லை. படித்தோம், குடத்தைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போனோம். வராது என்று சொன்னதற்காக அவர்மேல் யாருக்கும் கோபம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

இப்போது அதே அலுவலகத்தில், மாடிப்படிக்கு அடியில் ஓர் அறிவிப்புப் பலகை இருக்கிறது. கண்ணாடிக் கதவு, சின்னப் பூட்டு. உள்ளே மூன்று தாள்: பழுப்பேறிப்போன ஒரு டெங்கு எச்சரிக்கை, தேதி முடிந்த ஏல அறிவிப்பு ஒன்று, ஒரு பாதி கிழிந்து எதைப் பற்றியது என்றே தெரியாத மற்றொன்று. வலது மூலையில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. பூட்டின கண்ணாடிக்குள் அது எப்படிப் போகிறது என்று குனிந்து பார்த்தேன். கதவுச் சட்டத்தின் அடியில் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை. சாவி எங்கே என்று கேட்டதற்கு, மாற்றலாகிப் போனவர் கையில் இருக்கலாம் என்றார்கள். அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னால் வெட்டிய கணக்கு இந்தப் பக்கத்துக் கோயில் சுவர்களில் இன்னும் நிற்கிறது. சில மாதத்துக்கு முந்தைய தீர்மானத்தைப் பார்க்க நான் மூன்று முறை ரோட்டைக் கடக்க வேண்டியிருக்கிறது.

இனி என் கோரிக்கைகள்.

உறுப்பினர்களுக்கு அஜெண்டா அனுப்பும் அன்றே ஒரு படியை அலுவலகத்துக்கு வெளியே, கேட் மூடிய பிறகும் படிக்க முடிகிற இடத்தில் ஒட்டுங்கள். கூட்டம் முடிந்த மூன்று நாளுக்குள் என்னென்ன நிறைவேறியது, எவ்வளவு தொகை, எந்த வார்டு, வேலை எப்போது தொடங்கும் என்பதையும் அங்கேயே ஒட்டுங்கள். மொழி விஷயத்தில் கொஞ்சம் தயவு காட்டுங்கள். ‘விநியோகக் குழாய் மாற்றியமைக்கும் பணியின் பொருட்டுக் குடிநீர் விநியோகம் தற்காலிகமாக நிறுத்தம் செய்யப்படுகிறது’ என்று எழுதினால் நான் படித்து விளக்க வேண்டிவரும். ‘செவ்வாய் முதல் வெள்ளி வரை குழாயில் தண்ணீர் வராது. லாரி காலை 7 மணிக்குப் பிள்ளையார் கோயில் முன்னால் நிற்கும்’ என்று எழுதினால் என் உதவி வேண்டியிருக்காது.

தண்ணீர், சாக்கடை, சாலை அடைப்பு எதுவானாலும் இரண்டு நாள் முன்னதாகக் குப்பை வண்டியின் ஒலிபெருக்கியிலும், வரிப் பாக்கி கேட்கிற அதே எண்ணிலிருந்து குறுஞ்செய்தியிலும் சொல்லுங்கள். கைப்பேசி இல்லாத வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஆகவே இரண்டும் வேண்டும். பகுதி சபையின் தேதியும் இடமும் ஒரு வாரம் முன்பே தெருவுக்குத் தெரிய வேண்டும். போன சபையில் நாங்கள் கேட்டது என்ன ஆயிற்று என்பதை அடுத்த சபையில் முதல் வேலையாகப் படிக்க வேண்டும். சான்றிதழ், இணைப்பு, பெயர் மாற்றம், வரி விதிப்பு ஒவ்வொன்றுக்கும் என்ன தாள்கள் கொண்டுவர வேண்டும், எவ்வளவு கட்டணம், எத்தனை நாள், எந்த மேசை என்பதைச் சுவரிலேயே பெயிண்டால் எழுதிவிடுங்கள். தாள் என்றால் கிழியும்.

பங்குனியில் அந்த முன்னறிவிப்பைச் செய்ய வேண்டியவர் யார், ஏன் செய்யவில்லை என்பதற்கு எனக்கு எழுத்தில் பதில் வேண்டும். எனக்குத் தராவிட்டாலும் எதிர்வீட்டு மாமாவின் மகளுக்கு ஒரு வரி எழுதுங்கள். நிவாரணம் எதுவும் அவர் கேட்கவில்லை. யாராவது கேட்டுவிட்டுப் போனார்களா என்று மட்டும் ஒருநாள் என்னிடம் விசாரித்தார்.

இதில் உங்களால் முடியாதது ஏதாவது இருந்தால் அதையும் எழுத்தில் சொல்லிவிடுங்கள், அடுத்த மன்றக் கூட்டத்துக்குள்.

அந்தப் பலகை விஷயத்துக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். சாவி கிடைக்காது என்றால் பூட்டை உடைக்க அனுமதி கொடுங்கள். ஆசாரியை நானே அழைத்து வருகிறேன், கூலியும் நான் கொடுத்துவிடுகிறேன். புதுப் பூட்டு போடுவதாக இருந்தால் ஒரு சாவியை எதிர்க்கடையில், என்னிடம், கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்காரன்